பக்கத்து இலைக்குப் பாயசமா?

பினாங்கில் நிபோங் திபாலுக்குப் பக்கத்தில், வீட்டுக்குப் பின்னால் எனக்கு ஏறக்குறைய 1,300 சதுர அடி நிலம் இருக்கிறது. மூன்று பருவமாக அதில் சோளமும் (மக்காச்சோளம்) பயத்தங்காயும் கலந்து போடுகிறேன். வார நாளில் பாலத்தைத் தாண்டி பாயான் லெப்பாஸில் வேலை. சங்குலை (மண்வெட்டியை) கையில் எடுப்பது ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும்தான். முதல் பருவம், விதைத்து ஐந்தாவது வாரம், பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலியோரம் வந்து நின்றார். நாற்பது வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவியவர்.

“என்னா தம்பி, சோளம் இப்படி வெளுத்துப்போய் நிக்குது? யூரியா போடலையா?”

“நடுவுல பயறு போட்டிருக்கேனே ஐயா. அது தழைச்சத்து குடுக்கும்ல?”

“அது எங்க குடுக்கும்? அது திங்கவே அதுக்குச் சரியாப் போயிடும்.”

அன்றைக்கு அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்ததுதானே: பயறு வகைச் செடியின் வேரில் முடிச்சு இருக்கும், முடிச்சுக்குள் ரைசோபியம் என்ற பாக்டீரியா இருக்கும், அது காற்றிலுள்ள நைட்ரஜனை, அதாவது தழைச்சத்தை, பிடித்து மண்ணுக்குக் கொடுக்கும். அந்தக் கடைசி வரியில்தான் கோளாறு. பாக்டீரியா கொடுப்பது மண்ணுக்கில்லை, செடிக்கு. செடி அதை இலையாகவும் காயாகவும் மாற்றித் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. உயிரோடு நிற்கும்வரை பக்கத்துச் செடிக்கு அதிலிருந்து போய்ச் சேருவது சொற்பம். உதிர்ந்த இலை, செத்த வேர், அழுகிய முடிச்சு, இரண்டு செடிகளின் வேரையும் தொட்டுப் படர்கிற பூஞ்சை இழை என்று வழிகள் இருக்கின்றன. இரண்டு மூன்று மாதத்தில் முடிந்துபோகும் பயிர்களில் இந்த வழிகள் திறந்து வேலை செய்வதற்குள் அறுவடை வந்துவிடுகிறது.

அப்படியென்றால் கலந்து போடுவதில் என்ன லாபம்? லாபம் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. நாம் நினைத்த வழியாக வரவில்லை, அவ்வளவுதான்.

கல்யாணப் பந்தியில் இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பரிமாறுகிறவரிடம் இருக்கும் சோறு இரண்டு இலைக்கும் காணாது. ஒருவர் கெட்டிக்காரர், கை வேகம். சோறு விழுவதற்குள் வழித்துவிடுகிறார். அவர்தான் சோளம். அடுத்தவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த டிபன் கேரியரைத் திறக்கிறார். அவர் பயறு. பக்கத்து இலைக்குப் பாயசம் கேட்டு நிற்கவுமில்லை, தன் பாயசத்தை அங்கே ஊற்றவுமில்லை. பந்திச் சோற்றில் போட்டிக்கு வராமல் இருந்தார். அதனால் சோளத்துக்கு இரண்டு பேர் பங்கில் பெரும்பகுதி கிடைத்துவிட்டது.

இன்னொரு நுட்பமும் உண்டு. பயறு அந்த கேரியரைத் திறப்பதே வேறு வழியில்லாதபோதுதான். காற்று நைட்ரஜனைச் செடிக்கு உதவும் வடிவத்துக்கு மாற்றுவது செலவு பிடிக்கும் வேலை. பாக்டீரியாவுக்குக் கூலியாகச் செடி தன் சர்க்கரையைக் கொடுக்க வேண்டும். மண்ணில் நைட்ரேட் தாராளமாகக் கிடந்தால் எந்தச் செடியும் அந்தக் கூலியைக் கொடுக்காது. முடிச்சு கட்டுவதையே குறைத்துக்கொள்ளும். பக்கத்தில் சோளம் நின்று மண்ணை வழித்தெடுக்கும்போது பயறுக்குக் காற்றைத் தவிர போக்கிடம் இல்லை. தனியாக நிற்கும் பயறைவிடக் கலப்பில் நிற்கும் பயறு தன் தேவையில் கூடுதல் பங்கைக் காற்றிலிருந்து எடுக்கிறது என்று பல நாட்டுச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள்.

இதை எப்படி அளக்கிறார்கள் என்பது சுவையான விஷயம். நைட்ரஜனில் எடை கொஞ்சம் கூடிய ஒரு வகை உண்டு, 15 என்ற நிறை எண் கொண்டது. காற்றில் அது 0.366 சதவீதம். மண்ணிலுள்ள நைட்ரஜனில் பெரும்பாலும் இதைவிட ஒரு துளி அதிகம். சோளத்துக்கு மண்ணைத் தவிர வேறு வழியில்லை என்பதால் அதன் இலையில் மண்ணின் விகிதம் அப்படியே தெரியும். பயறின் இலையில் மண்ணுக்கும் காற்றுக்கும் நடுவே ஒரு விகிதம் வரும். அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அதை வைத்து, இத்தனை பங்கு காற்றிலிருந்து வந்தது என்று கணக்கிடலாம். பாலில் எவ்வளவு தண்ணீர் கலந்திருக்கிறது என்று பார்ப்பதைப் போலத்தான். ஆனால் பங்கு கூடுகிறது என்பதால் மொத்த அளவும் கூடும் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. சோளத்தின் நிழலில் பயறு சிறுத்துப்போனால், சதவீதம் ஏறியும் கிலோ கணக்கில் குறைந்துவிடும்.

வீட்டில் நமக்கு அந்தக் கருவியெல்லாம் இல்லை. கட்டைவிரல் நகம் போதும். விதைத்து ஐந்தாறு வாரத்தில் ஒரு பயத்தங்காய்ச் செடியை, இழுத்துப் பிடுங்காமல், சங்குலால் மண்ணோடு அள்ளி ஒரு வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். முதன்மை வேரிலும் அதைச் சுற்றியும் மிளகு அளவில் உருண்டைகள் ஒட்டியிருக்கும். ஒன்றை நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பு, மீன் செவுளின் நிறம். அந்தச் சிவப்பு லெக்ஹீமோகுளோபின், நம் ரத்தச் சிவப்புக்குச் சொந்தக்காரப் பொருள். நைட்ரஜனைப் பிடிக்கும் நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது. அளவுக்கு மீறி வந்தால் நொதி கெட்டுவிடும். ஆக்சிஜனைப் பிடித்து அளந்து விடுவதுதான் அந்தச் சிவப்பின் வேலை. பிளந்தால் சிவப்பு இருந்தால் அடுப்பு எரிகிறது என்று அர்த்தம். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அணைந்துவிட்டது. வெள்ளையாக இருந்தால் இன்னும் பற்றவில்லை, அல்லது பற்றப்போவதே இல்லை.

கொடி செத்தால்தான் மரத்துக்கு

பெரியவருக்கு இது எப்படித் தெரிந்தது என்று பிறகு கேட்டேன். புதுக்காட்டில் கொடி போட்ட கதையைச் சொன்னார்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நினைவிருக்கும். பழைய ரப்பரை அழித்துப் புதுக்கன்று நட்டதும் வரிசைக்கு நடுவே தரையை மூடிப் படரும் ஒரு கொடி விதைப்பார்கள். புரேரியா, கலப்போகோனியம், சென்ட்ரோசீமா மூன்றையும் கலந்து விதைப்பதுதான் பல காலம் வழக்கம். மூன்றும் பயறுக் குடும்பம். 1925-ல் தொடங்கிய மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் இந்தக் கொடிகளைப் பற்றி எவ்வளவோ சோதனை செய்திருக்கிறது. பிறகு 1990-களில் இந்தியாவிலிருந்து வந்த முக்குனா என்ற முரட்டுக் கொடி செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் பரவிவிட்டது. இன்றைக்கும் நெடுஞ்சாலை ஓரம் மறுநடவு செய்த செம்பனைக்கு நடுவே கரும்பச்சையாக அலை அடித்துக் கிடப்பது பெரும்பாலும் அதுதான்.

“கொடி பச்சையா இருக்கிற வரைக்கும் மரத்துக்கு ஒண்ணும் பெருசா தெரியாது தம்பி. மரம் பெருசாகி நெழல் கட்டி, கொடி செத்து மக்குது பாருங்க, அப்பத்தான் மரம் திமிறிக்கிட்டு வரும்.”

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. கன்று நட்டு நாலைந்து வருஷத்தில் மேலே கிளைகள் கூடி நிழல் விழ, வெளிச்சம் இல்லாமல் கொடி செத்து, அது சேர்த்து வைத்த தழைச்சத்து மண்ணில் இறங்குகிறது. ரப்பர் முப்பது வருஷம் நிற்கும் மரம், அதனால் காத்திருக்க முடிகிறது. எழுபது நாளில் கதிர் ஒடிக்கிற இனிப்புச் சோளத்துக்கு அந்த வசதி இல்லை. ஆண்டுப் பயிர்களைக் கலக்கும்போது இந்தப் பருவத்தின் லாபம் போட்டி குறைவதால் வருகிறது. பயறின் மிச்சம் கொடுப்பது அடுத்த பருவத்தின் லாபம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால்தான் என் சோளம் வெளுத்தது.

ஒரு நிலத்துக்குள் 1.20 நிலம்

கலந்து போட்டால் நிலம் மிச்சம் என்று பேச்சுக்குச் சொன்னால் போதாது, எவ்வளவு மிச்சம் என்று கணக்குக் காட்ட வேண்டும். அதற்கான கணக்கை 1979, 1980 வாக்கில் ஆர். டபிள்யூ. வில்லியும் புள்ளியியலாளர் ரோஜர் மீடும் ஒழுங்குபடுத்தி எழுதினார்கள். வில்லி அப்போது ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் பட்டான்செருவிலுள்ள இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆய்வு நிலையத்தில் இருந்தார். தக்காண விவசாயிகள் சோளத்தையும் துவரையையும் கலந்து விதைப்பது அவர் கண்ணெதிரே நடந்தது. அந்தக் கணக்கை நிலச் சமான விகிதம் என்று சொல்லலாம். (நாம் மலேசியாவில் சோளம் என்றால் மக்காச்சோளம், அங்கே சோளம் என்றால் வேறு தானியம். கட்டுரை முழுக்க நான் நம்மூர்ச் சோளத்தைத்தான் சொல்கிறேன். தக்காணச் சோளம் வரும் இடத்தில் மட்டும் சொல்லிவிடுகிறேன்.)

என் நிலத்தின் அளவுக்கே, ஒரு மாதிரிக் கணக்காக வைத்துக்கொள்வோம். 1,300 சதுர அடி முழுக்கச் சோளம் மட்டும் போட்டால் 600 கதிர். முழுக்கப் பயத்தங்காய் மட்டும் போட்டால் 160 கிலோ. இரண்டையும் கலந்து போட்டபோது 450 கதிரும் 72 கிலோ காயும் வந்தன. தனியாகப் போட்டிருந்தால் 450 கதிருக்கு முக்கால் நிலம் வேண்டும், 0.75. 72 கிலோ காய்க்கு 0.45 நிலம் வேண்டும். கூட்டினால் 1.20. அதாவது ஒரு நிலத்திலிருந்து எடுத்ததைப் பிரித்து எடுக்க 1.20 நிலம் தேவைப்பட்டிருக்கும். ஒன்றுக்கு மேல் போனால் லாபம், ஒன்றுக்குக் கீழே இறங்கினால் இரண்டும் ஒன்றையொன்று கெடுத்துக்கொண்டன என்று பொருள்.

கணக்கு எளிது, ஏமாற்றுவதும் எளிது. தனிப்பயிரை அதற்குரிய நெருக்கத்தில், அதற்குரிய பராமரிப்பில் போட்டு ஒப்பிட வேண்டும். தனிச் சோளத்தை அகல இடைவெளி விட்டு நட்டுவிட்டு, கலப்பில் மட்டும் நெருக்கமாக நட்டால், விகிதம் தானாக ஏறும். அது பயறின் சாமர்த்தியம் இல்லை, கூடுதல் செடிகளின் எண்ணிக்கை. யாராவது 1.8, 2.0 என்று எண் காட்டினால் முதலில் தனிப்பயிரை எப்படி நட்டார்கள் என்று கேளுங்கள்.

இன்னொன்று, 1.20 என்றால் மூட்டை நிறையும் என்று அர்த்தமில்லை. ஒரு ஹெக்டேரில் தனி மக்காச்சோளம் 7 டன் தருகிறது, தனி சோயா 2.5 டன் தருகிறது என்று வையுங்கள். கலப்பில் 5 டன்னும் 1 டன்னும் வந்தால் விகிதம் 1.11. எடை போட்டால் 6 டன்தான். தானியம் மட்டுமே வேண்டும் என்பவருக்கு இது நஷ்டம். புரதமும் வேண்டும், விலையும் பார்க்க வேண்டும் என்பவருக்கு வேறு கணக்கு. இரண்டு பொருளும் தேவைப்படுகிறவருக்கு மட்டுமே இந்த விகிதம் நேர்மையாகப் பேசும். நம் நாட்டில் கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளமும் சோயாவும் கப்பலில்தான் வருகின்றன. நமக்கு இரண்டும் தேவை.

எல்லாவற்றையும்விட நம் ஊருக்கு முக்கியமான குறை ஒன்று இருக்கிறது: நாள். இந்த விகிதம் நிலத்தைக் கணக்கெடுக்கிறது, எத்தனை நாள் நிலத்தைப் பிடித்து வைத்திருந்தோம் என்பதைக் கணக்கெடுப்பதில்லை. தக்காணச் சோளம் சுமார் நாலு மாதத்தில் முடியும். கூட நிற்கும் துவரை ஆறு மாதமாவது நிற்கும். சோளம் ஏறக்குறைய முழு விளைச்சலைத் தந்துவிட்டுப் போகிறது, பிறகு கிடைக்கும் வெயிலையும் ஈரத்தையும் வைத்துத் துவரை தனக்குரியதில் பாதிக்கு மேல் தந்துவிடுகிறது. அந்த ஜோடிக்கு விகிதம் 1.5-ஐத் தாண்டுவதில் ஆச்சரியமில்லை. மழை முடிந்த பிறகு அங்கே வேறு எதுவும் விதைக்க முடியாது என்பதால் அந்தக் கூடுதல் நாள்களுக்கு விலையும் இல்லை.

பினாங்கில் அப்படியா? இங்கே குளிரும் கிடையாது, நீண்ட கோடையும் கிடையாது. சோளம் ஒடித்த மறுவாரமே அடுத்ததை விதைக்கலாம். நாளுக்கு விலை உண்டு. நாளையும் சேர்த்துப் பார்க்கும் கணக்கை 1987-ல் ஹீப்ஷ், மெக்கொல்லம் என்ற இருவர் எழுதினார்கள். என் மாதிரியில் சோளம் 72 நாள், பயத்தங்காய் கடைசிப் பறிப்பு வரை 84 நாள். 0.75-ஐ 72-ஆலும், 0.45-ஐ 84-ஆலும் பெருக்கிக் கூட்டி, நிலம் மொத்தமாக மாட்டிக்கொண்ட 84 நாளால் வகுத்தால் 1.09. இருபது சதவீத லாபம் ஒன்பதாகச் சுருங்கிவிட்டது. முதல் கணக்கு கொஞ்சம் தாராளம், இரண்டாவது கொஞ்சம் கஞ்சத்தனம். உண்மை நடுவே எங்கோ இருக்கும். என்னைக் கேட்டால், வருஷம் முழுக்க விதைக்க முடிகிற ஊரில் இரண்டாவதைப் பார்த்துவிட்டுத்தான் முதலாவதை நம்ப வேண்டும்.

ஒன்பது சதவீதமா, இருபதா என்று இவ்வளவு அலட்டிக்கொள்ள வேண்டுமா என்று தோன்றலாம். இந்த மாநிலத்தின் பரப்பு ஏறக்குறைய 1,050 சதுர கிலோமீட்டர்; 2020 கணக்கெடுப்பில் 17.4 லட்சம் பேர். பத்து கவானில் ஒரு காலத்தில் கரும்பு, பிறகு ரப்பர், பிறகு செம்பனை. இப்போது அங்கே தொழிற்சாலைகளும் ஒரு பெரிய மரச்சாமான் கடையும். தற்காலிக உரிமத்தில் காய்கறி போடுகிறவர்களுக்கு இருக்கிற வரைதான் நிலம். பக்கத்தில் இன்னொரு துண்டு வாங்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லாத இடத்தில் பத்து சதவீதம் சின்னதில்லை.

யூரியா மூட்டையைப் பிரித்த பருவம்

முதல் பருவத்தில் சோளம் வெளுத்த கோபத்தில், இரண்டாவது பருவம் யூரியாவை அள்ளி இறைத்தேன். யாரையும் குறை சொல்வதற்கில்லை, என் கைதான். சோளம் கன்னங்கரேல் என்று எழுந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பயத்தங்காய் அந்த நிழலில் வெளிச்சம் தேடி நூலாக நீண்டு, பூ உதிர்ந்து, காய் பிடிக்கவே இல்லை. ஒரு செடியை அள்ளி அலசினேன். வேர் வெள்ளை வெளேர் என்று சுத்தமாக இருந்தது. முடிச்சு விரல்விட்டு எண்ணும் அளவுதான், பிளந்தால் உள்ளேயும் வெள்ளை.

யூரியா இரண்டு பக்கமும் அடித்திருக்கிறது. பந்தியில் சோறு வழிந்ததால் பயறு கேரியரைத் திறக்கவே இல்லை. அது போதாதென்று, தின்று கொழுத்த சோளம் பயறின் மேல் நிழலாகக் கவிழ்ந்துவிட்டது. கலப்புப் பயிர்ச் சோதனைகளில் நைட்ரஜன் உரத்தைக் கூட்டக் கூட்டப் பயறின் பங்கு இறங்குவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். மொத்த விளைச்சல் ஏறலாம், கதிர் பெருக்கலாம். ஆனால் கலந்து போட்டதற்கான காரணமே போய்விடுகிறது.

இங்கேதான் நிலத்துக்குப் போட்ட கணக்கை உரத்துக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். அதே மாதிரியை எடுப்போம். தனிச் சோளத்துக்கு 4 கிலோ யூரியா, தனிப் பயத்தங்காய்க்குத் தொடக்கத்தில் மட்டும் 1 கிலோ. யூரியாவில் நைட்ரஜன் 46 சதவீதம். அந்த 4 கிலோவில் உண்மையான தழைச்சத்து 1.84 கிலோ. கலப்பில் வந்த 450 கதிரைத் தனியாக எடுக்க 3 கிலோ யூரியா போயிருக்கும். 72 கிலோ காய்க்கு 0.45 கிலோ. மொத்தம் 3.45 கிலோ. கலப்புக்கு நான் 2.5 கிலோ மட்டும் போட்டு அதே விளைச்சலை எடுத்திருந்தால் விகிதம் 1.38, உரத்தில் நல்ல லாபம். தனிச் சோளத்துக்குப் போடும் 4 கிலோவையே கலப்புக்கும் போட்டிருந்தால் 0.86. நிலத்தில் 1.20 லாபம் காட்டிய அதே வயல், உரத்தில் நஷ்டம் காட்டும்! ஒரே வயல், ஒரே அறுவடை.

மக்காச்சோளம், சோயா கலப்பில் உலகெங்கும் நடந்த சோதனைகளைத் தொகுத்து 2020-ல் வெளியான ஓர் ஆய்வில் நிலத்துக்கான சராசரி 1.32, நைட்ரஜன் உரத்துக்கான சராசரி 1.44. உரத்தில் கிடைத்த லாபம் நிலத்தில் கிடைத்ததைவிடப் பெரிது. கலப்புக்கு உரம் குறைத்துப் போட்ட சோதனைகள் அதில் நிறைய இருந்ததே அதற்குக் காரணம். சீனாவில் இதைப் பெரிய அளவில் எடுத்துப் போகிறார்கள். 2022-லிருந்து சோயாவையும் மக்காச்சோளத்தையும் பட்டை பட்டையாக, இயந்திரம் உள்ளே போகும் அகலத்துக்கு நடும்படி அரசே ஊக்குவிக்கிறது. மக்காச்சோள வேரிலிருந்து கசியும் பொருள்கள் பக்கத்திலுள்ள ஃபாபா பீன் என்ற பயறுச் செடியைக் கூடுதலாக முடிச்சு கட்டத் தூண்டுகின்றன என்று 2016-ல் அங்கிருந்து வந்த இன்னோர் ஆய்வு காட்டியது. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கேரியர் மூடியைக் கழற்றவும் கை கொடுக்கிறார் என்று ஆகிறது.

யூரியா எங்கிருந்து வருகிறது என்றும் ஒரு வார்த்தை. ஒரு ஹெக்டேர் நிலத்துக்கு மேலே நிற்கும் காற்றில் ஏறக்குறைய 78,000 டன் நைட்ரஜன் இருக்கிறது. அதில் ஒரு கிலோவைக்கூடச் சோளத்தால் தொட முடியாது. 1913-ல் ஜெர்மனியின் ஒப்பாவ் ஆலையில் ஹேபர், போஷ் முறை தொடங்கியது. 400, 500 டிகிரி வெப்பத்தில், நூறு மடங்குக்கு மேற்பட்ட காற்றழுத்தத்தில் இரும்பு வினையூக்கியின் மேல் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்ப்பது. ஹைட்ரஜன் வருவது இயற்கை எரிவாயுவிலிருந்து. வடக்கே கெடாவில் குரூணிலுள்ள ஆலையும் எரிவாயுவை வைத்துத்தான் யூரியா செய்கிறது. எரிவாயு விலை ஏறினால் யூரியா விலை ஏறும். 2022-ல் ரஷ்யா, உக்ரைன் போர் தொடங்கியதும் உலகச் சந்தையில் யூரியா டன்னுக்கு 900 டாலரைத் தாண்டிப்போனது. அந்த வருஷம் சின்ன விவசாயிகள் மூட்டைக்கு எத்தனை வெள்ளி என்று கேட்கவே தயங்கினார்கள்.

அவ்வளவு செலவில் செய்த பொருளை நாம் ஈர மண்ணில் மேலாகத் தூவுகிறோம். மேலே கிடக்கும் யூரியா அம்மோனியாவாக மாறி ஒரு பங்கு காற்றில் போய்விடுகிறது. அந்த நெடி மூக்கில் ஏறுவது உங்கள் பணம் போகிற வாசனை. மிச்சம் நைட்ரேட்டாக மாறினால் மழை. இந்தக் கரையோரத்தில் வருஷத்துக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. நைட்ரேட் மண்ணில் ஒட்டாது, தண்ணீர் போகும் வழியில் தானும் போகும். சோளக் கன்று சிறிதாக இருக்கும் முதல் மூன்று வாரத்தில் அதற்குத் தேவை கொஞ்சம்தான். அப்போது மொத்தமாகப் போட்டுவிட்டு இரண்டு பெருமழை வந்தால் பெரும்பங்கு சாக்கடைக்குப் போகும்.

மண்ணின் புளிப்பையும் சொல்லியாக வேண்டும். நம் மண் பெரும்பாலும் புளித்த மண், யூரியா அதை இன்னும் புளிக்க வைக்கும். புளிப்பு மிகுந்தால் அலுமினியம் கரைந்து வேரைக் கெடுக்கும், முடிச்சுக்குத் தேவையான மாலிப்டினம் கிடைக்காமல் போகும். சுண்ணாம்பு போடாமல் பயறிடம் முடிச்சு எதிர்பார்ப்பது வீண். நல்ல வேளையாகப் பயத்தங்காயும் கச்சானும் (நிலக்கடலை) மண்ணில் ஏற்கனவே இருக்கும் பாக்டீரியாக்களோடு சேர்ந்துகொள்ளும், ஆள் பார்க்காது. சோயா அப்படியில்லை, அதற்கென்று உரிய பாக்டீரியாவை விதையில் கலந்து விதைத்தால்தான் புது மண்ணில் நன்றாக முடிச்சு கட்டும்.

மூன்றாவது பருவத்தில் கொஞ்சம் புத்தி வந்தது. விதைப்பதற்கு மூன்று வாரம் முன்பே சுண்ணாம்பு போட்டேன். இரண்டு வரிசை சோளத்துக்கு ஒரு வரிசை பயத்தங்காய், கிழக்கு மேற்காக இல்லாமல் காலை வெயிலும் மாலை வெயிலும் ஊடே விழும்படி வடக்கு தெற்காக. பயத்தங்காய்க்குத் தனிக் கம்பு, சோளத்தண்டில் ஏறவிடவில்லை. ஏறினால் கதிர் ஒடிக்கும் நாளில் கொடியும் சேர்ந்து போகும். யூரியாவைப் பிரித்து, கன்று முழங்கால் உயரம் வந்தபோது ஒரு தடவை, பூக்குலை தெரிவதற்கு முன் ஒரு தடவை, சோள வரிசையின் வெளிப்பக்கம் மட்டும் விரலளவு ஆழத்தில் காடி இழுத்துப் போட்டு மண்ணால் மூடினேன். பயறு வரிசைப் பக்கம் ஒரு மணியும் இல்லை. ஐந்தாவது வாரம் ஒரு செடியை அள்ளி அலசிப் பிளந்தேன். மீன் செவுள் நிறம்.

பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார். “இப்ப சரியா இருக்கு தம்பி” என்றார். வெளுப்பும் இல்லை, கன்னங்கரேல் என்றும் இல்லை, நடுத்தரப் பச்சை.

கடைசிப் பறிப்பு முடிந்ததும் கொடியை அங்கேயே வெட்டி மண்ணில் புரட்டிவிட நினைத்திருந்தேன். பச்சைக் காயாகப் பறித்துவிட்டதால் கொடியிலும் இலையிலும் தழைச்சத்து நிறைய மிச்சம் இருக்கும். முற்றவிட்டுப் பயறாக எடுத்திருந்தால் பெரும்பங்கு விதையோடு போயிருக்கும். அடுத்த பருவம் அங்கே கீரை. அதற்கு இதைவிட நல்ல அடியுரம் வேண்டாம்.

“கொடிய என்னா செய்யப் போறீங்க தம்பி? ஆட்டுக்குக் குடுத்துடுங்களேன்.”

கேட்டது பெரியவர், இல்லை என்று எப்படிச் சொல்வது? மூன்று மாதம் காற்றிலிருந்து பிடித்த நைட்ரஜன் இரண்டு கட்டாகக் கட்டப்பட்டு வேலியைத் தாண்டிப் போனது. வேரை மட்டும் மண்ணில் விட்டுவைத்தேன். மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிறு காலை எழுந்து பார்த்தால், வேலியோரம் பழைய அரிசிச் சாக்கு இரண்டில் ஆட்டுப் புழுக்கை கட்டி வைத்திருந்தது.